புற்றுநோயும் ஒளிப்புள்ளிகளும்



பல ஆண்டுகளுக்கு முன், ஆய்வுக்கூடமொன்றில் பயிற்சி பெற்றுவந்த நாளில் நான் ஒரு பிழை செய்தேன். இருட்டறையில் நுண்நோக்காடியின்முன் அமர்ந்து, ஒருவருடைய இரத்தத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலநிற வட்டம் ஒன்றினுள்ளே சிவப்புப் புள்ளி ஒன்றும் பச்சைப் புள்ளி ஒன்றும் தனித்தனியே நின்றன; மற்றொரு சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மஞ்சளாய் ஒளிர்ந்தன. “நோய் இருக்கிறது” என்றேன். ஆசிரியர் அருகில் வந்து பார்த்தார். “எத்தனை எண்ணினாய், தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்தது ஒன்றே ஒன்று. அந்தக் கேள்வியின் பொருளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நம் உடலின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக அமைந்துள்ளன. மரபணுக்கள் அவற்றில் வரிசையாக இடம்பெற்றிருக்கின்றன. சில வேளைகளில் இரண்டு குரோமோசோம்கள் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்போது, தொலைவில் இருக்கவேண்டிய இரண்டு மரபணுக்கள் ஒன்றாகப் பொருந்திவிடக்கூடும். இதனையே மரபணு இணைவு என்கிறோம்.

1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டனர். அது சிறுத்ததன் காரணத்தை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் வெளிப்படுத்தினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த மாற்றத்தால் ஏ.பி.எல். என்னும் மரபணு, பி.சி.ஆர். என்னும் மரபணுவோடு இணைகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இணைந்த மரபணு ஆக்கும் புரதம், ‘பெருகுக, பெருகுக’ என்று உயிரணுவை ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கிறது.

இந்த இணைவை எவ்வாறு கண்ணால் காண்பது? டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. வெப்பத்தால் அவ்விழைகள் பிரியும். வெப்பம் தணிந்தால் தத்தம் இணையைத் தேடிச் சேரும். 1969இல் ஜோசப் கால், மேரி லூ பார்டு என்னும் இருவர் இந்த இயல்பைப் பயன்படுத்தி, கண்ணாடித் தகட்டின்மேல் உள்ள உயிரணுவிலேயே குறிப்பிட்ட மரபணுவின் இடத்தைக் காட்டினர். அவர்கள் அடையாளமாக இட்டது கதிரியக்கப் பொருள். பின்னர் வந்தவர்கள் அதற்குப் பதிலாக ஒளிரும் சாயத்தை இணைத்தனர். இத்தகைய சாயமேற்றிய துணுக்கே ‘புரோப்’. தமிழில் தேடு இழை எனலாம். ஏ.பி.எல். மரபணுவைத் தேடும் இழைக்குச் சிவப்பு, பி.சி.ஆர். மரபணுவைத் தேடும் இழைக்குப் பச்சை. இரவு முழுவதும் அவை தம் இணையோடு சேர விட்டு, ஒட்டாத இழைகளைக் கழுவி நீக்கிய பின் பார்த்தால், நோயற்ற உயிரணுவில் இரண்டு சிவப்பும் இரண்டு பச்சையும் தனித்தனியே தெரியும். இணைவு நேர்ந்திருந்தால் சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்து மஞ்சளாகத் தோன்றும்.

அப்படியானால் என் பிழை எங்கே? உயிரணு ஓர் உருண்டை. நாம் அதனை மேலிருந்து பார்க்கிறோம். இரவில் கடற்கரையில் நிற்பவனுக்கு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவில் செல்லும் இரண்டு தோணிகளின் விளக்குகள் ஒரே விளக்காகத் தோன்றுவதில்லையா? அதுபோலவே, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் தற்செயலாக ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, இணைந்தனபோல் மயக்குகின்றன. நோயற்றவரின் உயிரணுக்களிலும் சிலவற்றில் இது நிகழும். ஆகவே ஒன்றைக் கண்டு முடிவு கூறலாகாது. நூற்றுக்கணக்கில் எண்ணிப் பார்த்து, தற்செயலின் எல்லையை அது கடக்கிறதா என்று ஆராய வேண்டும்.

அறிஞர்கள் இதற்கு மற்றொரு வழியும் கண்டனர். முறிவு நிகழும் இடத்தின் இருபுறத்தையும் தழுவுமாறு தேடு இழைகளை நீளமாக அமைத்தனர். குரோமோசோம்கள் துண்டு மாறும்போது ஒவ்வொரு நிறமும் இரண்டாகப் பிரிந்து, புதிதாய் அமைந்த இரண்டு குரோமோசோம்களிலும் ஒரு மஞ்சள் புள்ளியைத் தோற்றுவிக்கிறது. தற்செயல் ஒருமுறை ஏமாற்றலாம். ஒரே உயிரணுவில் இருமுறை ஏமாற்றுவது அரிது.

இணையும் துணை மரபணு எதுவென்று தெரியாதபோது, எதிர்மாறான முறை உதவுகிறது. ஒரே மரபணுவின் இருபக்கத்தில் இரு நிறங்களை வைப்பர். மரபணு முறியாதிருந்தால் அவை ஒட்டியே நிற்கும், முறிந்தால் விலகும். ஜப்பானிய அறிஞர்கள் 2007இல் நுரையீரல் புற்றுநோய் சிலவற்றில் கண்டறிந்த ஏ.எல்.கே. மரபணு இணைவை இவ்வாறு கண்டறியலாம்.

இத்துணை எச்சரிக்கை எதற்கு? 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப் என்னும் மருந்து, நான் முன்பு கூறிய இணைவுப் புரதத்தையே தடுக்கிறது. அந்த லுகேமியாவுக்கு அது பெருவாழ்வு தந்தது. இணைவு இருந்தும் இல்லையென்றால் நோயாளி அம்மருந்தை இழக்க நேரிடும். இல்லாததை இருக்கிறதென்றால், வேண்டாத மருந்தும் வேண்டாத அச்சமும் ஒரு குடும்பத்தின்மேல் விழும்.

அன்று நான் 200 உயிரணுக்களை எண்ணினேன். மஞ்சள் தென்பட்டவை நான்கே. அந்த இரத்தம் நோயற்ற ஒருவருடையது; என்னைப் பயிற்றுவதற்காகவே ஆசிரியர் அதனைத் தந்திருந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றுமுதல் எண்ணி முடிக்குமுன் நான் எதுவும் சொல்வதில்லை.