பம்ப் ஸ்டவ்வைப் பழுது பார்ப்போமா?

நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரத்தைக் காண மேலமலை ஏறியவர்களுக்கு அங்குள்ள மொட்டைப் பாறைகள் நினைவிருக்கும். அந்த மலையடிவாரத்தில் முகாமிட்டுச் சமைக்க, வீட்டுப் பரணில் கிடந்த பழைய பம்ப் ஸ்டவ்வைக் கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (கோயில் உள்ள பகுதி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே அடுப்பு மூட்டக் கூடாது.) ஸ்டவ் சரியாக எரியவில்லை. எதைக் கழற்றலாம்? எதைத் தொடக் கூடாது?

சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வாரிசுதான் நம் பம்ப் ஸ்டவ். 1953இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த நாளன்று காலையில், பனியில் உறைந்து கல்லாகிவிட்ட தம் பூட்ஸ்களை ஹில்லாரி இளக்கியது பிரைமஸ் அடுப்பின் மீதுதான்!

இதில் திரி கிடையாது. பம்ப் அடிக்கும்போது தொட்டிக்குள் புகும் காற்று, மண்ணெண்ணெயை அழுத்திக் குழாய் வழியே பர்னருக்கு ஏற்றுகிறது. சூடான பர்னரில் அது ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே சீறிப் பாய்கிறது. பாயும் வேகத்தில் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக் கலந்துகொள்வதால் நீலச் சுடர் கிடைக்கிறது. எரிவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி என்பதை மறந்துவிடாதீர்கள்.

மஞ்சள் சுடரும் புகையும் எழுந்தால் பெரும்பாலும் பர்னர் போதிய அளவு சூடேறவில்லை என்று பொருள். காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கி அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். எரியும்போதோ, சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட்டும் மண்ணெண்ணெயும் ஊற்றவே கூடாது.

பம்ப் அடிக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியவில்லையா? தண்டின் நுனியிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். தண்டைக் கழற்றி, வாஷரில் சில சொட்டு எண்ணெய் தடவி, விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டால் போதும். அதன் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கீழே அழுத்தும்போது காற்று அந்த விளிம்பைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது; மேலே இழுக்கும்போது விளிம்பு மடங்கிக் காற்றுக்கு வழி விடுகிறது.

அழுத்தம் இருந்தும் சுடர் சோர்ந்து எரிந்தால் நிப்பிளில் கரி அடைத்திருக்கிறது. அதற்கென்றே விற்கும் பின்னால் குத்தி எடுங்கள். "துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சுடரும் பெரிதாகுமே" என்று ஊசியால் குடைபவர்கள் உண்டு. ஆவி அதிகமாக வரும், உண்மைதான். ஆனால் அதற்கேற்ற காற்று சேராது. பாத்திரம் கரி பிடிப்பதுதான் மிச்சம்.

பெட்ரோல் ஊற்றுவது இன்னும் மோசம். மண்ணெண்ணெயைச் சூடாக்கினால்தான் தீப்பற்றுமளவு ஆவி வரும். பெட்ரோலோ சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிப் பற்றக் காத்திருக்கிறது. கசியும் தொட்டியில் ஈயம் பற்றவைக்கவும் முயல வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கலாம். அந்தத் தொட்டியை ஒதுக்கிவிடுவதே நல்லது.

இனி, நார்த்தாமலைக் காற்று. வீசும் காற்று பர்னரைக் குளிர்வித்து, எண்ணெய் ஆவியாவதைக் கெடுக்கிறது. தகரத்தை வளைத்து ஒரு மறைப்புச் செய்யலாம். ஆனால் அது பர்னரின் உயரத்தில், காற்று வரும் பக்கம் மட்டும் இருக்க வேண்டும். தொட்டியையும் சேர்த்து மூடினால் வெப்பம் திரும்பி அதன்மீதே விழும். உள்ளே அழுத்தம் எகிறும். அவ்வப்போது தொட்டியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், உலை கொதிக்கக் காத்திராமல் உடனே காற்றைத் திறந்துவிட்டு அணைத்துவிடுங்கள்.