பவுனில் செம்புக்கு என்ன வேலை?

"இதுல செம்பு எவ்வளவு?" என்று நகைக்கடையில் கேட்பவர்களின் குரலில் சந்தேகம் தொனிக்கும். செம்பு என்றாலே கலப்படம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கோவையில் நகைப் பட்டறை நடத்தியவரின் மகள் நான். பிறகு உலோகவியல் படித்தேன். அந்தச் செம்புக்காக வாதாட எனக்கு ஆசை.

916 முத்திரையிட்ட ஒரு பவுன் நகையில், அதாவது 8 கிராமில், தங்கம் சுமார் 7.33 கிராம். மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். அந்த முக்கால் கிராம்கூட இல்லாத மிச்சத்தை எடுத்துவிட்டால், வளையல் சற்று அழுத்தினாலே நெளியும். சங்கிலியின் கண்ணிகள் இழுபட்டு நீளும்.

சுத்தத் தங்கம் ஏன் அத்தனை மென்மை? அதில் ஒவ்வோர் அணுவையும் 12 அணுக்கள் தொட்டுக்கொண்டு, அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. வெளிப்புற எலக்ட்ரான்களை எல்லா அணுக்களும் பொதுவில் விட்டிருக்கின்றன. பிணைப்பு இன்னாருக்கு இன்னார் என்று இல்லாததால், ஓர் அடுக்கு வழுக்கி வேறிடத்தில் அமர்ந்தாலும் அது அறுவதில்லை. உப்புக்கல்லில் அப்படியல்ல. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் மாறி மாறி நிற்கும் அதில் ஓர் அடுக்கு நகர்ந்தால், ஒத்த மின்னூட்டங்கள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளும், கல் நொறுங்கும்.

ஆனாலும் ஒரு புதிர் இருந்தது. முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஃபிரெங்கெல் 1926இல் கணக்கிட்டார். உண்மையான உலோகங்களோ அதைவிட மிக மிகக் குறைந்த விசைக்கே வளைந்தன. 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி மூவரும் தனித்தனியே விடை சொன்னார்கள்: அடுக்குகளுக்கு இடையே ஆங்காங்கே ஓர் அரைவரிசை அணுக்கள் கூடுதலாகச் செருகி நிற்கின்றன, அந்தப் பிசகு மட்டுமே படிப்படியாக நகர்கிறது. கல்யாண மண்டபத்தில் விரித்த ஜமுக்காளத்தை மொத்தமாக இழுக்க நாலு பேர் வேண்டும். ஒரு மடிப்பை எழுப்பிக் காலால் தள்ளிக்கொண்டே போனால் ஒருவரே நகர்த்திவிடலாம்.

செம்பு அணு தங்க அணுவைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே சிறியது. தங்கத்தின் இடத்தில் அது அமர்ந்தால் சுற்றியுள்ள வரிசை கோணிக்கொள்ளும்; நகர்ந்து வரும் பிசகு அங்கே தடுக்கப்படும். வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவேதான், அதனால் அதன் தடை குறைவு. "வெறும் வெள்ளி போட்டா நகை தளரும், வெறும் செம்பு போட்டா செவந்துரும்" என்பார் அப்பா. அணுவின் அளவு அவருக்குத் தெரியாது. அதன் விளைவு கைக்குத் தெரிந்திருந்தது.

கம்பியச்சில் கம்பியை இழுக்க இழுக்க, பிசகுகள் பெருகி ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். கம்பி விறைக்கும். அதற்கு மேலும் இழுத்தால் அறுந்துவிடும். அப்பா கம்பியைச் சுருட்டி, மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சுவார். அந்தச் சூட்டில், திடமாக இருக்கும்போதே, சிக்கலில்லாத புதிய படிகங்கள் பழையவற்றின் இடத்தில் முளைக்கின்றன. எடை மாறுவதில்லை, மாற்றும் குறைவதில்லை. கம்பி மட்டும் மறுபடி இழைந்து கொடுக்கும். உலோகவியலில் இதைவிட அழகானதை நான் படித்ததில்லை.

கல் பதிக்கும் நகைக்குப் பலர் 18 கேரட்டைத் தேர்ந்தெடுப்பதும் செம்பு போன்ற அணுக்கள் பிசகுகளுக்குப் போடும் தடைக்காகத்தான். அதில் தங்கம் 75 சதவீதம். மற்ற அணுக்கள் கூடுதலாக இருப்பதால் கல்லைப் பற்றும் கொக்கிகள் எளிதில் நெளிவதில்லை.