ஜெயித்த வழக்கு, போன வீடு, வெனிஸ் குளிர்

விஸ்லர் – ரஸ்கின் வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு ஃபார்திங் நாணயத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். கேஸ் ஜெயித்த மனுஷன் ஏன் ஆறே மாதத்தில் திவாலானார்?

முன்கதை சுருக்கமாக. ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் அமெரிக்கர், லண்டனில் செட்டிலான ஓவியர். 1877-ல் புதிதாகத் திறந்த குரோவ்னர் கேலரியில் ஒரு வாணவேடிக்கைப் படம் வைத்தார். இருட்டு, புகை, தங்கப் பொறிகள், அவ்வளவுதான். விலை 200 கினி, அதாவது 210 பவுண்ட். அன்றைக்குக் கலை விஷயத்தில் ஜான் ரஸ்கின் சொன்னால் சொன்னதுதான். பெயின்ட் டப்பாவை ஜனங்கள் முகத்தில் வீசியதற்கு இவ்வளவு விலையா என்கிற தொனியில் அவர் எழுதிவிட, விஸ்லர் 1000 பவுண்ட் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார்.

1878 நவம்பர் 25, 26 தேதிகளில் விசாரணை. ரஸ்கின் உடல்நிலை சரியில்லாமல் வரவில்லை. அவருடைய வக்கீல் ஹோல்கர், இரண்டு நாள் வேலைக்கு 200 கினியா என்று மடக்கப் பார்த்தார். இல்லை, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். (நம்ம ஃப்ரீலான்சர்கள் ரேட் பேசும்போது இன்றைக்கும் சொல்லும் பதில் இதுதான்.)

தீர்ப்பு: அவதூறுதான், ஆனால் நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங். ஒரு பவுண்டுக்கு 960 ஃபார்திங். கேட்டதில் 9,60,000-ல் ஒரு பங்கு! ஆங்கிலேயச் சட்டத்தில் இப்படிக் கொடுப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு: உன் பக்கம் சட்டம் இருக்கலாம், ஆனால் இதையெல்லாம் கோர்ட்டுக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது. வழக்கமாகத் தோற்றவர் தலையில் விழும் கோர்ட் செலவும் இங்கே விழவில்லை. அவரவர் செலவு அவரவருக்கு.

ரஸ்கின் செலவை அவருடைய அபிமானிகள் வசூல் செய்து கட்டினார்கள். வசூலை முன்னின்று நடத்தியது ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற லண்டன் கேலரி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்லருக்கு அப்படி வசூல் சேரவில்லை. ஏற்கெனவே கடன், செல்சியில் ஆசையாகக் கட்டிய 'வெள்ளை வீடு' வேறு. வழக்கு கடைசித் தள்ளு. 1879 மே மாதம் திவால். வீட்டை வாங்கியவர் ஹாரி குவில்ட்டர், அவரும் ஒரு கலை விமர்சகர்! ராசி அப்படி.

அப்போது கைகொடுத்தது யார்? அதே ஃபைன் ஆர்ட் சொசைட்டி. வெனிஸ் போய் 12 எட்ச்சிங் செய்து வாங்க, கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்று முன்பணம் கொடுத்து அனுப்பினார்கள். செப்டம்பரில் கிளம்பினார்.

1879–80 குளிர்காலம் ஐரோப்பாவையே உறைய வைத்த ஒன்று. எட்ச்சிங் என்பது செப்புத் தகட்டில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் வைப்பது. கீறிய கோட்டை மட்டும் ஆசிட் அரிக்கும். விஸ்லர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்கிற ஆள் இல்லை, கால்வாய் ஓரமாக நின்று நேரே தகட்டில் வரைவார். விறைத்த விரல்களில் செப்புத் தகட்டைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். குளிரில் ஆசிட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கேலரிக்குக் குளிரைத் திட்டிக் கடிதம் போனது, தகடுகள் போகவில்லை.

கையில் பாஸ்டல் குச்சிகள் இருந்தன. தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டாம், காயவைக்க வேண்டாம். பழுப்புத் தாளில் கறுப்புக் கோடு, ரெண்டு மூணு இடத்தில் மட்டும் நிறம், பாக்கியைத் தாளே பார்த்துக்கொள்ளும். வெனிஸின் பழைய சுவர்களுக்கு அந்தப் பழுப்பு கச்சிதம்.

மூன்று மாத வேலை 14 மாதம் இழுத்தது. (சாஃப்ட்வேர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம்.) 1880 நவம்பரில் சுமார் 50 தகடுகள், சுமார் 100 பாஸ்டல்களோடு லண்டன் திரும்பினார். டிசம்பரில் கேலரி கேட்ட 12 எட்ச்சிங்குகள் காட்சிக்கு வந்தன. பத்திரிகைகள் பெரிதாக மதிக்கவில்லை. 1881 ஜனவரியில் 53 பாஸ்டல்கள். கூட்டமும் வந்தது, நன்றாக விற்கவும் செய்தன. ஒப்பந்தத்தில் இல்லாத சரக்குதான் காசு பார்த்தது.

1883-ல் அதே கேலரியில் இன்னொரு எட்ச்சிங் கண்காட்சி. கேட்லாக்கில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், விமர்சகர்கள் தன்னைத் திட்டி எழுதிய வரிகளையே பொறுக்கி எடுத்து அச்சடித்திருந்தார் விஸ்லர்.

வாணவேடிக்கைப் படம் இப்போது டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1892-ல் அது கைமாறிய விலை 800 கினி.