சொல்லடி – 7: மன்னிப்பு போய்ச் சேராத இடம்

ராஜபாளையத்திலிருந்து ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம்தான். 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் ‘தமிழை ஆண்டாள்’ என்ற தலைப்பில் கவிஞர் வைரமுத்து பேசினார். மறுநாள் உரை ‘தினமணி’யில் அச்சானது. ஆண்டாளைத் தேவதாசி என்று குறிப்பிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் வரியை அவர் எடுத்துக்காட்டியதுதான் நெருப்பைப் பற்றவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இந்த வாரத்துக் கேள்வி அல்ல. ஒரே சச்சரவு தெருவில் எப்படி நடந்தது, செல்போனில் எப்படி நடந்தது என்று ஒப்பிட்டால் இணைய வசையின் தீங்கு எங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

தெருவில் நடந்ததற்கு முகம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். வைரமுத்து வருத்தம் தெரிவித்தார். தினமணி ஆசிரியர் கே. வைத்தியநாதன் ஆண்டாள் சந்நிதிக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். தங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று பேசிய ஜீயரும் பின்பு அதற்காக வருந்தினார். வைரமுத்து மீது பதிவான வழக்குக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கோபம் கடுமையாகவே இருந்தது. ஆனாலும் சொன்னவர் யாரென்று தெரிந்ததால், திரும்பப் பெறவும் வழி இருந்தது. இணையத்திலோ ஒரு பக்கம் கவிஞரின் பிறப்பையும் தாயையும் இழுத்து வசை. மறுபக்கம் ஜீயரைச் சோடா பாட்டிலோடு ஒட்டிய மீம்கள். அவர் வருந்திய செய்தி, மீம் போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. அந்தக் கட்டுரையை எழுதிய வரலாற்றாசிரியர்கள் எந்தச் சான்றை வைத்து அப்படி எழுதினார்கள், ‘தேவதாசி’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் என்ற உருப்படியான கேள்விகள் இந்த இரைச்சலில் காணாமல் போயின.

பிரபலங்கள் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்பார்கள். விமர்சனத்தைத் தாங்கலாம், ஆனால் பிரபலங்கள் மீது பழகிய கை அவர்களோடு நிற்பதில்லை. 2024 ஏப்ரலில் சென்னை புறநகர் அடுக்குமாடி ஒன்றில் தவறி விழுந்து தகரக் கூரையில் தொங்கிய குழந்தையை அக்கம்பக்கத்தார் காப்பாற்றினார்கள். வீடியோ பரவியதும், தாயின் கவனக்குறைவு என்று ஊரே தீர்ப்பு எழுதியது. அடுத்த மாதமே அந்தத் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வது சரியல்ல. ஆனால் துவண்டுகிடந்தவர் மீது விழுந்த கல் எதுவும் சிறியதல்ல. எறிந்தவர்களில் எவரும் கூரை வரை போய்ப் பார்த்தவர்கள் இல்லை. திரும்ப வந்து வருந்தவும் இல்லை.

அப்படியானால் சட்டத்தை இறுக்கலாமே என்று கேட்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படி இறுக்கியதுதான். ‘எரிச்சலூட்டுவது’கூடக் குற்றம் என்று தெளிவில்லாமல் எழுதப்பட்டிருந்ததால், 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மிரட்டல், பாலியல் வசை, உருமாற்றிய படம் ஆகியவற்றுக்குச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கருத்துக்கு எதிராக அதே தடியை நீட்டினால், நாளை ராஜபாளையத்தில் எவரும் மேடையேறத் தயங்குவார்கள். சட்டம் எட்டாத இடம் ஒன்றுதான்: நாம் பகிர்ந்த வசை பொய் என்று தெரிந்த பிறகு, அதை அனுப்பிய அதே குழுவுக்குத் திருத்தத்தையும் அனுப்புவது. ஆண்டாள் சந்நிதி வரை நடந்து வந்து மன்னிப்புக் கேட்க ஓர் ஆசிரியரால் முடிந்தது. நமக்கு அந்த நடைகூட வேண்டாம். ஒரு விரல் போதும்.

(அடுத்த வாரம்: சைபர் கிரைமில் புகார் கொடுக்கப் போனால்…)