கார் என்ஜினை நாமே மாற்றலாமா?

மோட்டார் காருக்கு உயிர் என்ஜின். அது நின்றுவிட்டால் கார் வெறும் தகரக் கூடு.

திண்டுக்கல் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர்கள் உண்டு. குடும்பத்தோடு பழனிக்குப் போய்வர ஒன்று வாங்கி நிறுத்தியிருப்பவர்களும் உண்டு.

ஒரு நாள் அந்தக் கார் புகை கக்குகிறது. மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் திறக்கிறார். காதை வைத்துக் கேட்கிறார். "என்ஜின் போச்சு சார். மாத்தணும்" என்கிறார். செலவையும் சொல்கிறார். கார் சொந்தக்காரருக்குத் தலை சுற்றுகிறது!

அன்று இரவே வீட்டில் ஒரு யோசனை பிறக்கிறது.

"காயலான் கடையில் செகண்ட்ஸ் என்ஜின் ஒன்று வாங்கி, நாமே இறக்கி ஏற்றினால் என்ன? போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதானே?"

செய்யலாமா? கூடாதா? பார்ப்போம்.

பூட்டு செய்த கை

திண்டுக்கல்காரர்களுக்குக் கைவேலை புதிது அல்ல. அரத்தால் ராவி ராவிப் பூட்டு செய்து பெயர் வாங்கிய ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிராமத்துப் பக்கம் போனால், அங்கே ஆயில் என்ஜின் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கரண்டு வராத காலத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது ஆயில் என்ஜின்தான். அதற்கு வால்வு தேய்ப்பது, ரிங் மாற்றுவது எல்லாம் பல விவசாயிகள் தாங்களே செய்துகொண்ட வேலை.

அந்தத் தைரியம்தான் கார் பக்கமும் கையை நீட்டச் சொல்கிறது.

ஆனால் ஆயில் என்ஜின் தரையில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஒரே சிலிண்டர். சுற்றி நாலு பக்கமும் இடம் இருக்கும். கார் என்ஜின் அப்படி இல்லை. 3 அல்லது 4 சிலிண்டர். குறுகிய இடத்தில் திணித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் கியர் பாக்ஸ், முன்னால் ரேடியேட்டர், சுற்றிலும் வயர், டியூப். ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் ஒன்பதைக் கழற்ற வேண்டும்.

ஜி.டி.நாயுடு செய்தது

"ஜி.டி.நாயுடு யாரிடம் போய்ப் படித்தார்? அவரே கழற்றி, அவரே மாட்டிக் கற்றுக்கொள்ளவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் அந்தக் கதையில் நம் ஜில்லாவும் வருகிறது.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் நாயுடு. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். வாலிப வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறதே! அதே வண்டி தனக்கும் வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டினார். என்ஜின் எப்படி ஓடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

பிறகு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். அதைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்தப் பழனிதான் இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஒற்றைப் பஸ் பெருகிப் பெரிய கம்பெனி ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்தது கற்றுக்கொள்வதற்காக. மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. அந்த வண்டி ஓடாமல் கிடந்தால் அவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. தானே கற்ற அந்த மனிதர், மற்றவர்களையும் "தானே கற்றுக்கொள்" என்று விட்டுவிடவில்லை. 1945-ல் கோவையில் தொழிற்கல்வி கற்பிக்கப் பாலிடெக்னிக் தொடங்கினார்.

இன்று ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு 2 ஆண்டு. அதை முடித்த பையனும் பட்டறையில் பல காலம் கைவேலை பார்த்த பிறகே தனியாக என்ஜின் இறக்குகிறான்.

எதில் மிச்சம்?

சரி, பணக் கணக்குக்கு வருவோம்.

என்ஜின் மாற்றுகிற செலவில் மூன்று பங்கு உண்டு. என்ஜினும் சாமான்களும் ஒரு பங்கு. லேத்துப் பட்டறை வேலை இன்னொரு பங்கு. சிலிண்டரைப் போர் பண்ணுவது, கிராங்கைக் கடைவது, ஹெட்டை மட்டம் செய்வது எல்லாம் அங்கேதான் நடக்கும். மூன்றாவது, மெக்கானிக் கூலி.

முதல் பங்கை யார் வேலை செய்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். லேத்து வேலையும் அப்படியே. மெக்கானிக்கே அதற்கு லேத்துப் பட்டறைக்குத்தான் அனுப்புகிறார். ஆகவே, நாமே செய்தால் மிச்சமாவது கூலி மட்டும். பெரும்பாலும் சாமான் செலவைவிடக் கூலி குறைவு.

அந்தக் கூலியில் இருந்தும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. ஸ்பேனர் செட் வேண்டும். என்ஜினைத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும். ஹெட் போல்ட்டை அளவாக இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் அறுந்துபோகும். குறைத்து இறுக்கினால் கேஸ்கெட் ஊதிக்கொள்ளும். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் இவற்றுக்குப் பணம் வேண்டும்.

வாடகைக் கார் என்றால் இன்னொரு கணக்கு. ஒரு பேச்சுக்கு, மெக்கானிக் 4 நாளில் முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்றுக்கொண்டே செய்கிற நமக்கு 15 நாள் ஆகிறது. நடுவே 11 நாள் வருமானம் எங்கே போயிற்று? முகூர்த்த மாதமாக இருந்தால் அந்த 11 நாள் சம்பாத்தியம் மெக்கானிக் கூலியையே விழுங்கிவிடும்!

மரக்கிளையில் தொங்கும் ஆபத்து

பணம் போனால் சம்பாதிக்கலாம். கை போனால்?

பழைய அம்பாசடர் கார் என்ஜின் ஏறக்குறைய இரண்டு நெல் மூட்டை கனம். மாருதி 800 என்ஜின் அதைவிட மிகவும் இலேசு. ஆனாலும் காலில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

வீட்டு வேப்ப மரத்துக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி என்ஜினைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது விஷப் பரீட்சை. கிளை உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது. பட்டறையில் இதற்கென்று இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள். தொங்கும் என்ஜினுக்கு நேர் கீழே அனுபவசாலி ஒரு விரலைக்கூட நீட்ட மாட்டார்.

காரை ஜாக்கியில் தூக்கி, அதை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் கூடாது. ஜாக்கி சறுக்கினால் எழுந்திருக்க நேரம் இருக்காது. கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். முதல் வேலையாகப் பாட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டியூபைக் கழற்றும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை விளையாட விடவே கூடாது.

அந்தக் காரும் இந்தக் காரும்

அம்பாசடரில் பானெட்டைத் திறந்தால் ஆள் இறங்கி நின்று வேலை செய்யலாம் போல இடம் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜினை வைத்துக்கொண்டவர்கள்கூட ஒரு காலத்தில் ஏராளம். அந்தக் கார் உற்பத்தி 2014-ல் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டில் நின்றது.

இப்போது வருகிற கார் வேறு ரகம். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு கருவிகள் இன்னும் கூடிவிட்டன. பல கார்களில் சாவிக்கும் அந்தப் பெட்டிக்கும் ரகசியக் குறி பொருந்த வேண்டும். என்ஜினைச் சரியாக மாட்டியிருப்போம், வண்டி ஸ்டார்ட் ஆகாது! ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாத காலம் இது.

சர்க்காருக்குச் சொன்னீர்களா?

பலர் மறந்துவிடுகிற விஷயம் இது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பர் இருக்கிறது. என்ஜின் மாறினால் நம்பரும் மாறும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி பெற வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புது நம்பரைப் பதிய வேண்டும்.

கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதே கம்பெனியின் அதே வகை என்ஜின் என்றால் அனுமதி கேட்கலாம். நினைத்த என்ஜினைத் தூக்கி வைப்பது இனி நடக்காது.

பதியாமல் விட்டால் என்ன? விபத்து நடந்து இன்சூரன்சுக்குப் போகும்போது தெரியும். என்ஜின் நம்பர் ஒத்துவராத வண்டிக்கு நஷ்டஈடு கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

செகண்ட்ஸ் என்ஜின் வாங்கும்போது இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் வாங்காதீர்கள். அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கு அந்த ஆர்.சி. நகலையும் கேளுங்கள். நம்பரை ராவியிருந்தால் தொடவே வேண்டாம். திருட்டு வண்டி என்ஜினாக இருந்தால், விற்றவன் போய்விடுவான். போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

மாற்றத்தான் வேண்டுமா?

"என்ஜின் போச்சு" என்று ஒருவர் சொன்னவுடன் பணத்தை எண்ணாதீர்கள். இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். டாக்டர் விஷயத்தில் அப்படித்தானே செய்கிறோம்?

புகையின் நிறமே பாதி சொல்லிவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ அளவுக்கு மேல் போகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதை மாற்றி ஹெட்டை மட்டம் செய்தால் வேலை முடிந்துவிடக்கூடும். கம்ப்ரெஷன் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ரிங் மாற்றினாலோ, போர் பண்ணினாலோ பிழைக்கிற என்ஜினைத் தூக்கி எறிவானேன்?

மெக்கானிக்கிடம் கொடுப்பது என்று முடிவானால், கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

என்ஜினை இறக்குகிற வேலை மெக்கானிக்குடையது. அது சீக்கிரம் சாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை நம்முடையது. இதற்குப் படிப்பு வேண்டாம். வீட்டம்மா பார்க்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பார்க்கலாம்.

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் குச்சியைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஆயிலையும் பில்டரையும் புத்தகத்தில் சொன்ன கணக்கில் மாற்றுங்கள். வேடசந்தூர் பக்கம் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு ஏர் பில்டரை இன்னும் சீக்கிரமாகவே பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். குடத்தில் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டரிலும் படியும். குழாய் அடைத்துக்கொள்ளும். என்ஜின் கொதிக்கும். ஆகவே போர்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள். கூலன்ட் ஊற்றுங்கள்.

கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் இந்தச் சோம்பலுக்குத் தண்டனை. திண்டுக்கல் ஏறக்குறைய 900 அடி உயரம். கொடைக்கானல் 7,000 அடி. அவ்வளவையும் சின்னக் கியரிலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும். சூட்டு முள் ஏறினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். காத்திருங்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கும். "இன்னும் நாலு வளைவுதானே" என்று மிதித்தவர்களின் என்ஜின்கள்தான் பட்டறையில் வரிசையாகக் கிடக்கின்றன.

புது ரிங், புது பேரிங் போட்டு வேலை பார்த்த என்ஜினை ஏற்றிய கையோடு அந்த மலைக்குப் புறப்பட வேண்டாம். முதல் 1,000 கிலோ மீட்டர் வரை சமதளத்திலேயே, அவசரம் இல்லாமல் ஓட்டுங்கள். பழனிக்குப் போகலாம், மதுரைக்குப் போகலாம். பிறகு ஆயிலை மாற்றிவிட்டு, மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, வத்தலக்குண்டு பாதையில் மலை ஏறுங்கள்.