புளியாரை: தொட்டால் வெடிக்கும் களை

ரோஜாத் தொட்டியின் அடியில் சற்றுக் குனிந்து பாருங்கள். நீங்கள் விதைக்காத ஒரு சிறு பூண்டு அங்கே படர்ந்திருக்கக்கூடும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இதய வடிவில் மூன்று சிற்றிலைகள். இடையிடையே ஐந்து இதழ்கள் கொண்ட சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள். இதுதான் புளியாரை. 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய பெயர் ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா. நீர்நிலைகளில் வளரும் ஆரைக்கீரை வேறு. அதற்குச் சிற்றிலைகள் நான்கு. அது பூவே பூக்காத பெரணி வகை.

புளிப்பு எதனால்?

'ஆக்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புளிப்பு என்றும் பொருள் உண்டு. இலையில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளுமே புளிப்புக்குக் காரணம். அமிலத்துக்கு அப்பெயர் வந்ததும் இச்செடி இனத்தால்தான். களிம்பேறிய பித்தளையை இவ்விலையால் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் இதை மிகுதியாகத் தின்பது நல்லதன்று. ஆக்சாலிக் அமிலம் கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகக் கல்லாகப் படியலாம்.

உறங்கும் இலை, பாயும் விதை

மாலையில் சிற்றிலைகள் குடைபோல் கீழே மடங்கிவிடும். அவற்றின் அடியிலுள்ள சில செல்களில் நீர் ஏறுவதும் இறங்குவதுமே இந்த அசைவை உண்டாக்குகிறது.

காய் சிறு கொம்புபோல் நிமிர்ந்து நிற்கும். முற்றிய காயை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விதைகள் சடசடவென்று தெறிக்கும்! ஒவ்வொரு விதையையும் நீர் நிரம்பி விறைத்த மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. அது கிழிந்து, உள்புறம் வெளிப்புறமாகப் புரளும்போது விதையை வீசி எறிகிறது. இவ்விதைகள் வெளிச்சம் பட்டால்தான் நன்கு முளைக்கும். மண்ணைக் கொத்தும்போது புதைந்த விதைகளை நாமே மேலே கொண்டுவந்து விடுகிறோம். தண்டும் தரையில் படரும் இடமெல்லாம் வேர்விடும். பிடுங்கப் பிடுங்க இது முளைப்பதன் இரகசியம் இதுதான்.

நகரம் மாற்றிய நிறம்

புளியாரையில் பச்சை இலைச் செடிகளும் உண்டு, செந்நிற இலைச் செடிகளும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகள் டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இவற்றை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். வயல்களிலும் பசும்புல் வெளிகளிலும் பச்சைச் செடிகளே மிகுந்திருந்தன. கான்கிரீட்டும் தாரும் பரவிய வெப்பமான இடங்களில் சிவப்புச் செடிகள் மிகுந்திருந்தன.

காரணம் என்ன? சோதனையில் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பச்சை இலைகளின் ஒளிச்சேர்க்கை சிறந்திருந்தது. 35 டிகிரியிலோ சிவப்பு இலைகள் முந்தின. ஆந்தோசயனின் என்ற செந்நிறமி மிகையான ஒளியைத் தடுத்து இலையைக் காக்கிறது. ஆனால் குளிர்ந்த இடத்தில் அதே நிறமி செடிக்குச் சுமையாகிறது. ஆகவே சூட்டுக்கு ஏற்ற செடிகளே நகரில் பெருகுகின்றன. காலில் மிதிபடும் களையில், நம் கண்ணெதிரே இயற்கைத் தேர்வு நடக்கிறது!

உங்கள் ஊரில் எப்படி? பள்ளியின் சிமெண்ட் தரை விளிம்பிலும் மரநிழலிலும் உள்ள புளியாரைச் செடிகளை நிறவாரியாக எண்ணி, குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள். களையைப் பிடுங்குவது அதன் பிறகு இருக்கட்டும்.