ஓடாவியாரின் கருவிப்பெட்டி இரும்பு விலைக்குப் போகலாமா?

யுத்தம் முடிந்த கையோடு வன்னிக் கிராமங்களுக்குள் பழைய இரும்பு வாங்குவோர் வரத் தொடங்கினர். உடைந்த சைக்கிள், துளைவிழுந்த தகரம், வாளி என எல்லாம் கிலோக் கணக்கில் போயின. அவற்றோடு தச்சுத் தொழிலாளரின் கைக்கருவிகளும் போயின. கணவனை இழந்த, கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்களின் வீடுகளுக்குக் களப்பணிக்காகச் செல்லும்போது, "இருந்தது பிள்ளை, நிறுத்துக் குடுத்திட்டன்" என்ற பதிலை நான் பல தடவைகள் கேட்டிருக்கின்றேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அக்காவிடம் மட்டும் பெட்டி முழுதாக இருந்தது. அவரது மாமனார் ஓடாவி. கணவரும் அதே தொழில். 2008 இன் இறுதியில் இடம்பெயரும்போது கருவிகளுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி வளவில் புதைத்துவிட்டுப் போனார்கள். 2010 இல் அக்கா பிள்ளைகளுடன் திரும்பிவந்து தோண்டி எடுத்தார். கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இறப்புச் சான்றிதழ் எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னர், அவர் காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை மாத்திரம் எடுத்து வைத்திருக்கிறார்.

நுண்கடன் தவணை வாராவாரம் வாசலுக்கு வரும்போது பெட்டியின் மேல் கண் போகும்தானே. இரும்புக்காரர் தராசையே கொண்டுவந்துவிட்டார். மாமியார், "அவன் வந்து கேட்டால் என்னத்தைக் குடுப்பாய்?" என்று அழுதார். அக்கா என்னிடம் சொன்னது வேறு: "வித்தால் அவர் இல்லை எண்டு நானே ஊருக்குச் சொன்ன மாதிரியெல்லோ?"

எமது சமூகத்தில் ஒரு பெண் வீட்டுப் பொருளை விற்பதற்கும் ஊர் ஓர் அர்த்தம் கற்பித்துவிடுகின்றது. விற்பதா வைத்திருப்பதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதில் மாமியாருக்கோ கடன்காரருக்கோ என்னைப் போன்ற உத்தியோகத்தருக்கோ இடமில்லை என்பதே எனது கருத்து. ஆனால் விற்பதென்றால் தராசில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏழு மாதம் கழித்து, மகளின் படிப்புச் செலவுக்காக விற்பதென்று அக்காவே தீர்மானித்தார்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தோம். ஊரிலுள்ள வயதான தச்சர் ஒருவரும் வந்திருந்தார். இரண்டு இரும்புச் சீவுளிகளில் ஒன்று ஸ்டான்லி, மற்றது றெக்கோட். இரண்டிலும் இங்கிலாந்தில் செய்தது என்ற பொறிப்பு இருந்தது. உளிகள் ஒன்பது. அவற்றில் சில மார்பிள்ஸ். இவை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து உருக்கு. சில பழைய உளிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்றும் எழுதியிருக்கும். வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். மூசையில் உருக்கி எடுத்த நல்ல உருக்கு என்பதே அதன் பொருள். 1740களில் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூடு செய்பவர் தொடக்கிவைத்த முறை அது. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அதற்கு முன்னர் வாங்கிய கருவியைத் தச்சர்கள் பிள்ளைபோலப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

தச்சர் முதலில் பார்த்தது உளியின் நீளத்தை. தீட்டித் தீட்டிக் கட்டையானதற்கு விலை குறைவு. சீவுளியின் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வெடிக்கும். ஆகவே அலகு வெளியே வரும் வாயருகே மயிரிழை வெடிப்பு இருக்கின்றதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். வாளின் முதுகில் கண் வைத்து வளைவு பார்த்தார். மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துக் கோடு கீறி, மறுபுறம் திருப்பி மீண்டும் கீறினார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி.

துருவைக் கண்டதும் கிறைண்டர் பிடிக்க அக்காவின் தம்பி ஓடிவந்தார். நல்ல வேளை, தச்சர் தடுத்துவிட்டார். அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விடும், பெயர்ப் பொறிப்பும் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தும்பால் தேய்த்துத் துடைத்து மெல்லிதாக எண்ணெய் பூசினால் போதும். பிடிகளுக்கு வார்னிஷ் அடிக்கத் தேவையில்லை.

விலையை எப்படி அறிவது? நகரத்து ஹாட்வெயார் கடையில் அதே வகைப் புதுக் கருவியின் விலையைக் கேட்டோம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தச்சர்களிடமும் கேட்டோம். "இப்ப எல்லாம் மெசின்தான், இதை ஆர் வாங்குவினம்?" என்று ஒருவர் சொன்னார். அது பாதி உண்மை. பலகை சீவ மின்சாரச் சீவுளி வந்துவிட்டது. ஆனாலும் கதவு நிலையில் பொருத்து வெட்டவும் பிணைச்சல் பதிக்கவும் உளி வேண்டும். மேலை நாடுகளில் பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் கூடிய விலை கொடுப்பதுண்டு. அதை நம்பிக் காத்திருக்க எங்களால் முடியாது, எங்களுக்கு வாங்குபவர் பக்கத்து ஊர் ஓடாவிதான்.

பெட்டியோடு மொத்தமாகக் கேட்டவருக்கு அக்கா கொடுக்கவில்லை. மொத்தமாகக் கொடுத்தால் நல்ல சீவுளியின் விலைக்குள் மற்றவை சும்மா போய்விடும். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, கொப்பியில் பெயரும் குறைந்தபட்ச விலையும் எழுதினோம். மகளும் தம்பியும் வீட்டில் நிற்கும் நாளிலேயே ஆட்களை வரச் சொன்னோம். உளிகளையும் ஸ்டான்லியையும் தச்சுப் பயிற்சி முடித்த ஒரு பொடியன் எடுத்தான். பாதிக் காசு அன்றைக்கு, மிகுதி இரண்டு தவணையில். கொப்பியில் அவனே கையெழுத்து வைத்தான். மிகுதியையும் ஒழுங்காகக் கட்டிவிட்டான். இரும்புக்காரர் முழுப் பெட்டிக்கும் சொன்ன காசைவிட ஸ்டான்லி ஒன்றுக்கே கூடக் கிடைத்தது.

மாமியார் அந்த நாட்களில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பொடியன் கதவு நிலை செய்யும் வீடு எங்கே இருக்கின்றதென்று பிறகு ஒருநாள் விசாரித்தாராம்.

விளிம்புக்கு வளைவு எடுக்கும் மரச் சீவுளிகள் மூன்று இன்னும் விலைப்படவில்லை. கோயில் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் மாசியில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.